பரணில் இருப்பவரின் காலடிக்குக் கரடி ஏன் வருகிறது?

முதுமலைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: குரங்கு, மயில், சாலையோரம் நின்ற நாலு புள்ளிமான். புலி உண்டு, கரடி உண்டு, செந்நாய் உண்டு என்று வழிகாட்டி சத்தியம் செய்கிறார். காலடித் தடத்தையும் எச்சத்தையும் காட்டுகிறார். ஆளைத்தான் காணோம். இத்தனை விலங்குகள் பகலில் எங்கேதான் போய் ஒளிந்துகொள்கின்றன என்ற கேள்வி, காட்டுக்குப் போய் வெறுங்கண்ணோடு திரும்பிய எல்லோருக்கும் இருக்கும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலக் காடுகளில் நடக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே லட்சக்கணக்கானோர் வில்லும் அம்புமாக மரத்தின்மேல் பரண் அமைத்து மானுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் தேடுவது மானை. ஆனால் கீழே வந்து நிற்பது சில நாள் கருங்கரடி, சில நாள் கயோட்டி என்னும் ஓநாய் இனத்துச் சிறு விலங்கு, வடக்கே போனால் ஓநாயே. காட்டில் மைல்கணக்காக நடந்தும் இவற்றின் வாலைக்கூடப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவரின் காலடிக்கு மட்டும் அவை ஏன் வரவேண்டும்?

விடை கரடியிடம் இல்லை, மானிடம் இருக்கிறது. மானை ஏமாற்ற மனிதன் என்னென்ன செய்கிறான் என்று பார்த்தால், கரடியும் ஓநாயும் ஏன் ஏமாறுகின்றன என்பது தானாகத் தெளியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே நாம் படிக்கப்போவது வேட்டை நுட்பத்தை அல்ல, விலங்குகளின் புலன்களை.

வில் ஏன், மரம் ஏன்?

அந்த ஊர் மானுக்கு வெள்ளைவால் மான் என்று பெயர். மிரண்டு ஓடும்போது வாலைக் கொடிபோல் தூக்கும். அடிப்பக்க வெண்மை பளிச்சென்று தெரியும். 1900 வாக்கில், கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் அமெரிக்காவில் இந்த மான்கள் சில லட்சமாகச் சுருங்கிப்போயின. பிறகு சட்டங்கள் வந்தன. வேட்டைக்குப் பருவமும் உரிமமும் எண்ணிக்கை வரம்பும் வைத்தார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவுயிர்ப் பணிக்கே ஒதுக்கும் சட்டம் 1937இல் வந்தது. 1970களில் வில் அம்புக்கும் அந்த வரி நீண்டது. இன்று அங்கே மூன்று கோடியை ஒட்டிய மான்கள். ஆண்டுக்கு 60 லட்சம் அளவுக்கு வேட்டையாடியும் பல மாநிலங்களில் மான் மிகுதிதான் தலைவலி.

துப்பாக்கி இருக்கும்போது வில் எதற்கு? 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஒரு மனிதர் தன்னந்தனியாகக் காட்டிலிருந்து வெளியே வந்தார். யாஹி பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி மனிதர். இஷி என்று அவரை அழைத்தார்கள். அவரிடம் வில்வித்தை கற்றுக்கொண்ட மருத்துவர் சாக்ஸ்டன் போப், அதைப் பற்றி 1923இல் நூல் எழுதினார். அமெரிக்க வெள்ளையரிடையே வில்வேட்டை மோகம் பரவ அது பெரிய காரணம். ஒரு மக்கள் கூட்டத்தையே அழித்துவிட்டு, அதன் கடைசி மனிதரிடம் பொழுதுபோக்குக் கற்றுக்கொண்ட வரலாறு இது. இனிப்பான கதை அல்ல. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தைத் திறந்தது. 1960களின் பிற்பகுதியில் மிசௌரிக்காரர் ஒருவர் முனைகளில் கப்பிகள் பொருத்திய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். கப்பி வில்லில் நாணை முழுதாக இழுத்தபின் கையில் தாங்கவேண்டிய சுமை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே அசையாமல் குறிபார்க்க முடியும்.

துப்பாக்கிக்காரர் 150 மீட்டரிலிருந்து சுடலாம். வில்லுக்கு 20, 30 மீட்டர்தான் நாணயமான தூரம். ஓநாய்க்குப் பயந்து பயந்தே பரிணமித்த ஒரு விலங்கை 20 மீட்டருக்குள் வரவழைப்பது எப்படி என்பதே இந்த வேட்டையின் முழுச் சிக்கல். அதற்குப் பெரும்பாலோர் கண்ட வழி, தரையிலிருந்து 15, 20 அடி உயரத்தில் மரத்தோடு கட்டிய சின்ன இரும்புப் பரண்.

ஆரஞ்சு தெரியாத கண்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் காட்டுக்குள் போகிறவர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலாடை அணிய வேண்டும், சட்டம். இன்னொரு வேட்டைக்காரர் தவறிச் சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக. நமக்கு அரை மைலில் தெரியும் அந்த ஆரஞ்சு மானுக்குத் தெரியாதா?

தெரியாது. நம் விழித்திரையில் நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. ஒன்று நீலத்துக்கு, மற்றொன்று பச்சைக்கு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1992இல் கூடிய ஆய்வாளர்கள், உயிருள்ள மான்களின் கண்ணில் வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்து இதை உறுதிசெய்தார்கள். இதை இருநிறப் பார்வை என்போம். சிவப்பும் ஆரஞ்சும் இந்தப் பார்வையில் மங்கிய பச்சை, பழுப்பு வகையறாவில் கரைந்துவிடும்.

புலியின் கதையும் இதுதான். பச்சைக் காட்டில் பதுங்கி வேட்டையாடும் விலங்குக்கு இவ்வளவு எடுப்பான நிறம் எதற்கு என்று குழந்தைகள் கேட்பது நியாயமான கேள்வி. பாலூட்டிகளின் உரோமத்தில் பச்சை நிறமி உண்டாவதில்லை. கறுப்பு-பழுப்பு ஒன்று, மஞ்சள்-சிவப்பு ஒன்று, இரண்டே நிறமிகள்தான். மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையாகத்தான் படுகிறது என்பதால், புலிக்குப் பச்சை நிறம் தேவைப்படவே இல்லை.

ஆனால் நீலத்தில் மான் கில்லாடி. நம் கண்ணின் வில்லை புறஊதா ஒளியைத் தடுத்துவிடுகிறது; மானின் வில்லை தடுப்பதில்லை. துணி வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று சோப்புத்தூளில் சேர்க்கும் பொருள் புறஊதாவை வாங்கி நீலமாக உமிழும். ஆகவே ஆரஞ்சு மேலாடை அணிந்தவரைவிட, நன்றாகத் துவைத்த நீல ஜீன்ஸ் அணிந்தவர் மானுக்கு எளிதில் தெரிவார். வேட்டைக் கடைகளில் இலைதழை அச்சிட்ட விலையுயர்ந்த உடை வாங்கி, அதை வீட்டுச் சோப்புத்தூளில் துவைத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மான் அண்ணாந்து பார்க்காதா?

மான் மேலே பார்க்காது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் சுமார் 300 டிகிரி பார்க்கும். கண்மணியோ கிடைமட்டமாக நீண்ட பிளவு. விழித்திரையில் பார்வைச் செல்கள் அடர்ந்திருப்பதும் ஒரு கிடைமட்டப் பட்டையாகத்தான். எல்லாம் சேர்ந்து தொடுவான ஓரத்தைத் துல்லியமாகக் கண்காணிக்கும் ஏற்பாடு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மார்ட்டின் பாங்க்ஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மேயும் விலங்குகளின் கிடைப்பிளவுக் கண்மணி தரையோரக் காட்சியைக் கூர்மையாக்குவதோடு, மேலிருந்து விழும் கூச்சமான வெளிச்சத்தையும் குறைக்கிறது என்று விளக்கியது. குனிந்து மேயும்போதுகூடக் கண்ணுருண்டை சுழன்று பிளவைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறதாம்.

தரையோரம்தான் மானின் காவல் எல்லை. ஓநாயும் கயோட்டியும் அங்கிருந்துதான் வரும். உயரம் அந்த எல்லைக்கு மேலே போய்விடுகிறது. ஆனால் மான் கற்றுக்கொள்ளும். ஒரே மரத்தில் ஆண்டுதோறும் பரண் இருந்தால், முதிர்ந்த பெண்மான் அந்த மரத்தருகே வந்ததும் நின்று, தலையைத் தூக்கி, கிளைகளை ஒவ்வொன்றாக ஆராய்வதை அங்கே எல்லா வேட்டைக்காரரும் பார்த்திருக்கிறார்கள். அசைவு ஒன்று போதும். முன்காலால் தரையைத் தட்டும், மூக்கால் சீறும், வால் மேலே போகும். அன்றைய மாலை முடிந்தது. நிறத்தில் மான் தோற்கிறது. அசைவைக் கண்டுபிடிப்பதில் நாம் தோற்கிறோம்.

மூக்கை ஏமாற்ற முடியாது

கண்ணை ஏமாற்றலாம். மூக்கை முடியாது, தப்பித்துக்கொள்ளத்தான் முடியும். மணமில்லாத சோப்பு, கரி கலந்த உடை, தெளிப்பான் என்று அமெரிக்கச் சந்தையில் நூறு சரக்கு விற்கிறது. மனிதன் மூச்சுவிடும்வரை மணம் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அனுபவசாலிகள் மணத்தை அழிக்க முயல்வதில்லை. அது எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கிறார்கள்.

இங்கேதான் பரணின் மெய்யான பயன். உயரத்தில் கிளம்பும் மணம் உடனே தரைக்கு வருவதில்லை. மெல்லிய காற்று இருந்தால் மானின் தலைக்கு மேலாகவே கொஞ்சதூரம் கடந்துவிடும். ஆனால் காற்று கிடையாக மட்டும் வீசுவதில்லை. காலை வெயில் சரிவைச் சூடாக்கினால் அங்குள்ள காற்று இலேசாகி மேலேறும். அதை ஏறுகாற்று எனலாம். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கனத்த காற்று சரிவு வழியே ஓடை நோக்கி வழியும், அது இறங்குகாற்று. காலையில் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் பரண் வைத்திருப்பவருக்கு, அவர் மணமும் அவரோடு மேலேயே போய்விடும். அதே பரணில் மாலையில் உட்கார்ந்தால், கீழேயுள்ள மான்களுக்கெல்லாம் அவர் தன் வருகையை அறிவித்தபடி இருப்பார்.

காற்றை அறிய அவர்கள் பயன்படுத்துவது மில்க்வீட் என்ற செடியின் விதைப் பஞ்சு. நம்மூர் எருக்கின் உறவுச் செடி அது. உடைத்தால் பால் வரும், காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். ஓர் இழையைப் பரணிலிருந்து விட்டால், அது 20 அடி தள்ளிப்போய்த் திடீரென்று கீழிறங்குவதையோ, மரத்தைச் சுற்றித் திரும்புவதையோ கண்ணால் பார்க்கலாம். எருக்கம் பஞ்சை ஊதி விளையாடிய யாருக்கும் இந்தக் கருவி புரியும்.

அம்பு முந்துமா, ஓசை முந்துமா?

கண்ணும் மூக்கும் ஏமாந்து, மான் 20, 30 மீட்டருக்குள் வந்துவிட்டது. இப்போது மூன்றாவது புலன்: காது. இதை நின்று நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வில்வேட்டைக்காரர்கள் அடிக்கடி முறையிடும் ஓர் அதிசயம் இதில்தான் அடங்கியிருக்கிறது. குறி சரியாக இருந்தது, கை ஆடவில்லை, ஆனால் அம்பு முதுகுக்கு மேலே போய்விட்டது. மான் அம்பைப் பார்த்துக் குனிந்துவிட்டதா?

நல்ல கப்பி வில்லிலிருந்து கிளம்பும் அம்பின் வேகம் நொடிக்கு 85 மீட்டர் என்று வைப்போம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். ஓசையின் வேகமோ நொடிக்கு 340 மீட்டர். அம்பைப் போல் சரியாக நான்கு மடங்கு. நாண் விடுபடும் 'டப்' என்ற ஒலியும் அம்பும் ஒரே கணத்தில் புறப்படுகின்றன. ஓசைதான் முதலில் போய்ச் சேரும். எவ்வளவு முன்பு?

மான் 18 மீட்டரில் நின்றால் அம்பு போய்ச்சேர 0.21 நொடி, ஓசைக்கு 0.05 நொடி. மானுக்குக் கிடைக்கும் அவகாசம் 0.16 நொடி. ஒலி கேட்டு, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மிச்சம் 0.06 நொடி.

இந்த 0.06 நொடியில் மான் என்ன செய்யும்? பாய்ந்து ஓடும் என்று தோன்றும். பாய வேண்டுமானால் முதலில் காலை மடக்கியாக வேண்டும்; திண்ணையிலிருந்து குதிக்கப்போகும் பிள்ளை முழங்காலை மடக்குவதுபோல. கால்களைத் தளர்த்தி மடக்கியதும் உடல் கீழே விழத் தொடங்கும். மான் குனிந்து அம்புக்குத் தப்பவில்லை. அது ஓடத் தயாராகிறது. அந்தத் தயாரிப்பின் முதல் பகுதி கீழ்நோக்கி அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதை நாண்துள்ளல் என்று சொல்லலாம்.

உடல் கீழே இறங்குவது புவியீர்ப்பால். தரையைக் காலால் உதைத்து மேலே போகலாம், உதைத்துக் கீழே போக முடியாது. எனவே எவ்வளவு மிரண்டாலும், விழும் கல்லைவிட வேகமாக மானால் தாழ முடியாது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும். 0.06 நொடியில் விழும் பொருள் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். 18 மீட்டரில் மான் என்ன மிரண்டாலும் அம்பின் இலக்கு மாறாது.

27 மீட்டருக்குப் போவோம். அம்புக்கு 0.32 நொடி, ஓசைக்கு 0.08. அவகாசம் 0.24 நொடி, சுதாரிக்கும் நேரம் போக 0.14. இறக்கம் 9 சென்டிமீட்டர். நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 20, 25 சென்டிமீட்டர் உயரம். நடுவில் குறிவைத்த அம்பு இப்போது மேல்விளிம்பை நெருங்கிவிட்டது.

36 மீட்டர்: அம்புக்கு 0.42, ஓசைக்கு 0.11. சுதாரித்த பின்னும் மானிடம் 0.22 நொடி இருக்கிறது. இறக்கம் 23 சென்டிமீட்டர். அம்பு முதுகை உரசிப் போகும், அல்லது முதுகுக்கு மேலே போகும், இல்லையென்றால் உயிர்நிலையைத் தவறவிட்டு மானைக் காயப்படுத்தும்.

தூரம் 18இலிருந்து 36 ஆக, இரண்டு மடங்குதான் கூடியது. இறக்கமோ பதின்மூன்று மடங்கு. காரணம் இரண்டு. சுதாரிக்கும் நேரம் மாறாத செலவு. கிட்டத்தில் அது அவகாசத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது, தூரத்தில் ஒரு பகுதியைத்தான். இரண்டாவது, விழும் பொருள் போகப் போக வேகம் கூட்டிக்கொள்ளும்.

இஷியின் மரவில் போன்ற ஒன்றுக்கு வேகம் நொடிக்கு 45 மீட்டர் என்று வைத்து இதே கணக்கைப் போட்டுப்பாருங்கள். 18 மீட்டரிலேயே இறக்கம் 30 சென்டிமீட்டர் வந்துவிடும். 10 மீட்டரில் 4 சென்டிமீட்டர்தான். பழங்குடி வேட்டைக்காரர்கள் அவ்வளவு அருகே ஊர்ந்து போனதை வெறும் வீரமென்று நினைக்க வேண்டியதில்லை.

வேகமான வில் வாங்கினால் தீர்ந்துவிடுமா? ஓசையை முந்த அம்பு நொடிக்கு 340 மீட்டர் போக வேண்டும்; எந்த வில்லாலும் ஆகாது. ஓசையைக் குறைப்பதே புத்திசாலித்தனம். நாணில் ரப்பர் இழைகளைக் கட்டி அதிர்வை அடக்குகிறார்கள். நிம்மதியாக மேயும் மான் பல சமயம் துள்ளுவதே இல்லை, காதை விறைத்து நிற்கும் மான்தான் துள்ளும். 40 மீட்டருக்கு அப்பால் விழிப்பாக நிற்கும் மான்மேல் அம்பு விடுவதைத் திறமை என்று பெருமை பேசுபவர்களும் உண்டு. இந்தக் கணக்கின்படி அது சூதாட்டம். தோற்றால் வலி மானுக்கு.

கீழே வந்து நிற்பவர்கள்

இப்போது நம் முதல் கேள்விக்குத் திரும்பலாம். பரணில் இருப்பவர் அசைவில்லாமல், பேச்சில்லாமல், காலடி ஓசையில்லாமல், மணத்தை வேறு திசைக்கு அனுப்பிவிட்டு இருக்கிறார். மானுக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் இது மானை மட்டுமா ஏமாற்றும்?

கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் பூமா எனப்படும் மலைச்சிங்கங்களிடம் ஒரு சோதனை செய்து 2017இல் வெளியிட்டார்கள். பூமா மானைக் கொன்று வைத்த இடத்தில் கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்தார்கள். அது தின்ன வந்ததும் சில சமயம் தவளைச் சத்தம், சில சமயம் மனிதப் பேச்சு. தவளைக்கு அசையாத பூமாக்கள், மனிதக் குரலுக்குப் பத்தில் எட்டு முறைக்கு மேல் தீனியை விட்டுவிட்டு ஓடின. ஒலிபரப்பிய குரல்கள் அமெரிக்க அரசியல் விவாத நிகழ்ச்சி நடத்துநர்களுடையவை. வலதுசாரி, இடதுசாரி என்று பூமா பாகுபாடு பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பகுதியில் நீர்நிலைகளருகே இதேபோல் நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. அங்கே பெரும்பாலான விலங்குகள் சிங்கத்தின் உறுமலைவிட மனிதப் பேச்சுக்கே அதிகம் மிரண்டன.

காட்டு விலங்குகள் நம்மிடமிருந்து மாயமாக ஒளிந்துகொள்வதில்லை. நாம் வருவதை நாமே முன்கூட்டி அறிவித்துவிடுகிறோம், அவை விலகிக்கொள்கின்றன. ஜீப்பின் இரைச்சலும் நம் பேச்சும் காலடியும் மணமும் நமக்கு அரை கிலோமீட்டர் முன்னால் நடக்கின்றன. பரணில் இருப்பவர் இந்த அறிவிப்புகளையெல்லாம் நிறுத்திவிட்டார். அவர் காலடியில் நிற்கும் கரடி துணிச்சல்காரக் கரடி அல்ல. தகவல் கிடைக்காத கரடி.

இன்னும் ஒருபடி மேலே போய், அவர்களே அழைப்பிதழும் அனுப்புகிறார்கள். ஆண்மானின் உறுமலை ஊதும் குழல், பெண்மானின் கனைப்பு, கொம்புகள் மோதும் ஓசை என்று மானை வரவழைக்கப் பல கருவிகள். மானின் குரல் மானுக்கு மட்டும் கேட்பதல்ல. குட்டியின் அலறல்போல ஊதினால் கயோட்டியும் பாப்கேட் என்னும் காட்டுப்பூனையும் விருந்து என்றே நினைக்கும். கயோட்டி நேராக வராது. சுற்றிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்புறமாக வந்து மோப்பம் பிடிக்கும். மனித வாடை பட்டதும் திரும்பிவிடும். பல நாள் அது வந்துபோனதே தெரியாது.

கரடி வருவதற்கு வேறு காரணம். ஓக் மரங்கள் விதை உதிர்க்கும் காலம் அது. கொழுப்பு நிறைந்த அந்த விதைக்கு மான் வருகிறது. மானுக்காக வேட்டைக்காரர் அந்த மரத்தடியைக் குறிவைக்கிறார். பனிக்கால உறக்கத்துக்கு முன் நாளெல்லாம் தின்று ஒரே நாளில் 20,000 கலோரிவரை சேர்த்துக்கொள்ளும் கருங்கரடிக்கும் அதே விதைதான் வேண்டும். மூவருக்கும் முகவரி ஒன்று. அங்கே பரண் இருக்கையின் பஞ்சு மெத்தையைக் கரடி கடித்துக் குதறிவைப்பது சகஜம்.

மரம் எல்லோரிடமிருந்தும் காப்பாற்றாது

ஓநாய்க்கும் கயோட்டிக்கும் மரம் ஏறத் தெரியாது. பூமாவுக்குத் தெரியும். கருங்கரடியின் நகம் குட்டையாக, வளைந்து, ஏறுவதற்கென்றே அமைந்தது. 20 அடி அதற்குச் சில நொடி வேலை. பெரிய பழுப்புக் கரடியான கிரிஸ்லியின் நகம் நீளமானது, தோண்டுவதற்கானது. வளர்ந்த கிரிஸ்லி ஏறத் தடுமாறும், ஆனால் கிளை வாகாக இருந்தால் ஏறும். மிரண்ட கரடிக்குட்டி பக்கத்து மரத்தில் ஏறுவது இயல்பு. அந்த மரத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் தாய்க்கும் அவருக்கும் சங்கடம்.

ஆனாலும் அபாயத்தை அளவோடு பார்க்க வேண்டும். 1900முதல் 2009வரை வட அமெரிக்கா முழுவதிலும் கருங்கரடியால் இறந்தவர்கள் 63 பேர். இதை ஆராய்ந்த ஸ்டீபன் ஹெரேரோ குழுவினர் கண்டது, நாம் நினைப்பதற்கு மாறானது: உயிர்ப்பலிகளுக்குப் பெரும்பாலும் காரணம் குட்டியோடிருந்த தாய் அல்ல, தனியே திரிந்து, மனிதனை இரையாகவே பின்தொடர்ந்த ஆண்கரடி. கயோட்டியால் இறந்ததாகப் பதிவானவர்கள் மொத்தம் இரண்டே பேர். சாலையில் மான் குறுக்கே பாய்ந்து நேரும் வாகன விபத்தில் அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். காட்டின் கொடிய விலங்கு எது என்று எண்ணிக்கையைக் கேட்டால், அது மானைத்தான் காட்டும்.

கரடி மரத்தடிக்கு வந்துவிட்டால் செய்யவேண்டியது எளிது: பேசுங்கள். கையை அசைத்து, இங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று தெரிவியுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதையும் மீறி ஏறத் தொடங்கினால் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை அடைத்த கரடித் தெளிப்பான் கையில் இருக்க வேண்டும், முதுகுப் பையின் அடியில் அல்ல. வேட்டைக்காரரின் தயக்கமும் இங்கேதான். பேசினால் மானும் போய்விடும். மூன்று மணிநேரம் கல்லாக உட்கார்ந்ததெல்லாம் வீண். இந்தப் பேராசையில் கரடி பக்கத்தில் வரும்வரை வாய் திறக்காமல் இருப்பவர்கள், திடுக்கிட்ட கரடியைக் கைக்கெட்டும் தூரத்தில் சந்திக்கிறார்கள்.

அம்பு பட்டபின் நிலைமை இன்னும் மாறும். தைத்த இடத்திலேயே மான் விழுவது அரிது. அரைமணி நேரமாவது காத்திருந்து, இரத்தத் தடத்தைப் பின்பற்றிப் போக வேண்டும். குடலில் பட்டிருந்தால் பல மணி நேரம். மாலையில் விட்ட அம்பென்றால் தேடல் இருட்டில், கைவிளக்கோடு, தலையைக் குனிந்தபடி. அதே இரத்த வாடையை ஓநாயும் கரடியும் கிலோமீட்டர்கணக்கில் மோப்பம் பிடிக்கும். மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி வாழும் காடுகளில், விழுந்த விலங்கை அறுத்துக்கொண்டிருக்கும் நேரமே வேட்டைக்காரருக்கு மிகவும் ஆபத்தானது என்று எச்சரிக்கிறார்கள். இரவில் விட்டுவந்த மானைக் காலையில் தேடிப் போகிறவர், அது இப்போது வேறொருவரின் சொத்து என்ற நினைப்போடுதான் கிட்டே போக வேண்டும்.

ஓநாயை ஒழித்த இடத்தில் மனிதன் அதன் வேலையைப் பார்க்கிறான் என்று வேட்டைக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. எண்ணிக்கையைக் குறைப்பது வரைக்கும் சரி. ஆனால் ஓநாய் குட்டியையும் கிழத்தையும் நோயுற்றதையும் எடுக்கும், ஆண்டு முழுவதும் எடுக்கும். வில்லோடு வருபவர் சில வாரங்கள் மட்டும் வந்து, கொம்பு பெரிதாயிருக்கும் திடமான ஆண்மானைத் தேடுவார். இரண்டும் ஒரே வேலை அல்ல.

கடைசியாக, புவியீர்ப்பு

கரடி, ஓநாய், பூமா என்று இவ்வளவு பேசினோம். அந்தப் பரணில் உட்காருபவரை அடிக்கடி மருத்துவமனைக்கு அனுப்புவது இவை எதுவும் அல்ல. விழுதல்தான். 20 அடி, அதாவது 6 மீட்டர் உயரத்திலிருந்து தவறினால் தரையைத் தொட ஒரு நொடிக்குச் சற்று அதிகம். அப்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். மானின் இறக்கத்தைக் கணக்கிட உதவிய அதே புவியீர்ப்பு இங்கேயும் யாருக்கும் சலுகை தருவதில்லை. பரணில் உட்கார்ந்திருக்கும்போதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போதும்தான் பலர் விழுகிறார்கள். வேட்டையாக இருந்தாலும், பறவை பார்ப்பதாக இருந்தாலும், படமெடுப்பதாக இருந்தாலும் மரத்தில் உட்காரப் போகிறவர்கள் தோளையும் தொடையையும் சுற்றிவரும் பாதுகாப்புப் பட்டையைத் தரையில் நிற்கும்போதே மாட்டி மரத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இரண்டு காலும் தரையில் பட்டபிறகு கழற்றுங்கள்.